புகைக்குழாயில் ஒரு மூக்கு

ஒரு வண்டியின் பாகங்களை இரண்டாகப் பிரிக்கலாம். உள்ளே இருப்பவருக்காக வேலை செய்பவை, வெளியே இருப்பவருக்காக வேலை செய்பவை. முதல் பட்டியல் நீண்டுகொண்டே போகும். சீட், ஸ்டீயரிங், ஷாக் அப்சார்பர், ஏசி, பாட்டுப்பெட்டி. இரண்டாவது ரொம்பச் சின்னது. ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட். அதிலும் நம்மூரில் ஹார்ன் யாருக்காக அடிக்கப்படுகிறது என்பது தனி விவாதம். இந்தச் சின்னப் பட்டியலில் சுமார் ஐம்பது வருடங்களுக்கு முன்னால் புதிதாக ஒரு பெயர் சேர்ந்தது: ஆக்சிஜன் சென்சார்.

பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக்கின் தம்பி மாதிரி இருக்கும். அடியில் மரை, நடுவில் 22 ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம், மேலே வால் மாதிரி ஒயர். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் ஒரு துளை போட்டு அதில் திருகி வைத்திருப்பார்கள். எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று மோந்து பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், திருவொற்றியூரில் வளர்ந்தவன். முதலாவது காரணத்தால் இந்தப் பொருள் எனக்குப் பிடித்தது. அளந்து, அளந்ததை வைத்துத் தன்னைத் திருத்திக்கொண்டு, திரும்பவும் அளக்கிற சுற்று எங்கள் தொழிலில் தினமும் புழங்குவது. ஆனால் அதன் வரலாற்றை ஏன் இவ்வளவு தூரம் துரத்திப் படித்தேன் என்பதற்குப் பதில் இரண்டாவது காரணத்தில்தான் இருக்கிறது.

*

கதை ஒரு விளக்கில் தொடங்குகிறது.

1889ஆம் ஆண்டு வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற இளம் ஜெர்மானிய விஞ்ஞானி ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். எளிமையாகச் சொன்னால் இப்படி: ஒரு தடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே பொருள் வெவ்வேறு அடர்த்தியில் இருந்தால், அந்த ஏற்றத்தாழ்வு மின்னழுத்தமாகத் தெரியும். எவ்வளவு ஏற்றத்தாழ்வோ அதற்கேற்ற வோல்ட். பிளஸ் டூ வேதியியல் படித்தவர்கள் மின்வேதியியல் பாடத்தில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த கையோடு மறந்திருப்போம்.

அதே நெர்ன்ஸ்ட் 1890களின் கடைசியில் ஒரு மின்விளக்கைக் கண்டுபிடித்தார். அப்போதைய கார்பன் இழை விளக்குகள் மங்கலாக எரியும். இவர் இழைக்குப் பதில் சிர்கோனியாவும் இட்ரியாவும் கலந்த ஒரு சிறு பீங்கான் குச்சியை வைத்தார். இந்தப் பீங்கானுக்கு ஒரு வினோத குணம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை விடாது. முதலில் சூடேற்ற வேண்டும். சூடேறிவிட்டால் வழிவிடும், வெள்ளையாகப் பிரகாசிக்கும். அந்த உரிமத்தை ஏஇஜி நிறுவனம் பெரும் தொகைக்கு வாங்கியது. பிறகு டங்ஸ்டன் இழை வந்தது, நெர்ன்ஸ்ட் விளக்கு அணைந்துபோனது. அவருக்கு 1920ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு வேறொரு வேலைக்காகக் கிடைத்தது.

சமன்பாடு ஒரு பக்கம், பீங்கான் ஒரு பக்கம். இரண்டையும் ஒன்றாகப் பூட்டினால் அதுதான் ஆக்சிஜன் சென்சார். ஆனால் அதற்குத் தேவை வர ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு ஆனது. ஒரு சின்னத் தகவலையும் சொல்லிவிடுகிறேன். சிர்கோனியாவுக்கு மூலப்பொருள் சிர்கான் என்ற கனிமம். அது கிடைக்கும் இடங்களில் ஒன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்.

*

தேவையை உண்டாக்கியது லாஸ் ஏஞ்சல்ஸ். 1940களில் அந்த ஊரின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு மூட்டம் படிந்தது. கண் எரிந்தது, பயிர் கருகியது. ஆலைகள்தான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். கால்டெக்கில் ஏரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் இருந்தார். அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தை மோந்துகொண்டிருந்த அந்த மூக்கு ஊர்க்காற்றின் பக்கம் திரும்பியது. வண்டிப் புகையிலும் எண்ணெய் ஆலைகளிலும் இருந்து வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து சமைவதுதான் இந்த மூட்டம் என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார்.

1970ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வந்தது. புதிய கார்களின் நச்சுப் புகையை ஐந்தாறு வருடத்தில் 90 சதவீதம் குறை என்றது. கார் கம்பெனிகள் முடியவே முடியாது என்றன. சிக்கல் நிஜமானதுதான். கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் ஒழிக்க அவற்றுக்கு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடை ஒழிக்க அதனிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். ஒரே டப்பாவுக்குள் கொடுப்பதும் பிடுங்குவதும் நடக்க வேண்டும். பிளாட்டினம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசிய கேட்டலிடிக் கன்வெர்ட்டரால் இரண்டையும் செய்ய முடியும். ஆனால் ஒரு நிபந்தனை. எஞ்சினுக்குள் போகும் கலவை 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கை ஒட்டியே இருக்க வேண்டும். கொஞ்சம் அந்தப் பக்கம் போனாலும் ஒன்று கெடும், இந்தப் பக்கம் வந்தாலும் இன்னொன்று கெடும்.

கார்புரேட்டரால் இந்தக் கணக்கைக் காப்பாற்ற முடியாது. அது போட்டதைப் போட்டபடி ஊற்றும். ஊற்றியது சரியா என்று திரும்பிப் பார்க்காது. திரும்பிப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஸ்பார்க் பிளக் செய்து செய்து பீங்கானில் கை தேர்ந்திருந்த பாஷ் நிறுவனம் அதை உருவாக்கியது. 1976ல் வோல்வோ, கலிஃபோர்னியாவில் விற்கும் கார்களில் அதைப் பொருத்தியது. பெயர் லாம்டா சோண்ட். அந்தக் கார்களின் முன்பக்க கிரில்லில் அந்தப் பெயரைப் பட்டையாகவே ஒட்டியிருந்தார்கள். குதிரைத்திறனைச் சொல்லிப் பெருமையடிக்கும் இடத்தில் புகையை மோக்கும் கருவியின் பெயர்!

உள்ளே நடப்பது இதுதான். விரல்நுனி அளவில் ஒரு சிர்கோனியா குப்பி. வெளிப்பக்கம் புகை, உள்பக்கம் சாதாரண வெளிக்காற்று, இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. குப்பி 350 டிகிரியை ஒட்டிச் சூடானதும் நெர்ன்ஸ்டின் கணக்கு வேலை செய்யத் தொடங்கும். புகையில் ஆக்சிஜன் மிச்சமில்லை என்றால், அதாவது பெட்ரோல் அதிகம் என்றால், 0.9 வோல்ட்டை ஒட்டி வரும். ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1. சரியான கலவை இரண்டுக்கும் நடுவில், 0.45 பக்கம். கம்ப்யூட்டர் அதைப் படித்து அடுத்த சொட்டுப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இது ஒருபோதும் சரியான புள்ளியில் நிற்பதில்லை என்பதுதான். கூடிவிட்டது, குறை. குறைந்துவிட்டது, கூட்டு. வண்டி ஓடும் நேரமெல்லாம் அந்த வோல்ட் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் நின்றுவிட்டால் சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தம்.

*

1976ல் அங்கே வந்த பொருள் இங்கே வர ஏன் அவ்வளவு வருடம் ஆனது? ஈயம்.

1921ல் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எதில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் இடிக்காது என்று கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதைக் கலந்தார்கள். எரிந்த ஈயம் புகையோடு வெளியே வந்தது, தெருவில் விளையாடும் குழந்தைகளின் ரத்தத்தில் போய்ச் சேர்ந்தது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் எவ்வளவு ஆகாது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும்.

ஈயத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பிளாட்டினத்தின் மேல் படிந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும். கன்வெர்ட்டரும் போய்விடும், சென்சாரும் போய்விடும். அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் வந்தபோது அதற்காகவே ஈயமில்லாப் பெட்ரோல் பங்குகளுக்கு வந்தாக வேண்டியிருந்தது. 1976க்கும் 1980க்கும் நடுவில் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு 37 சதவீதம் குறைந்தது. குழந்தைகளுக்காக மருத்துவர்கள் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு டப்பாவைக் காப்பாற்றப் போனபோது சீக்கிரம் நடந்தது. இதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இந்தியாவில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985ல் டெல்லியின் வாகனப் புகை குறித்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நின்றது. அந்தக் காலத்துக் கார்களின் பின்னால் ‘எம்பிஎஃப்ஐ’ என்று ஒட்டியிருந்த எழுத்துகள் ஞாபகம் இருக்கிறதா? கார்புரேட்டர் போய், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக அளந்து பெட்ரோல் தெளிக்கும் முறை வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்தக் காரின் அடியில் எங்கேயோ ஒரு ஆக்சிஜன் சென்சாரும் இருந்தது. அதைப் பற்றி யாரும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

*

இந்தப் பொருள் வந்து சேர்ந்த எங்கள் பகுதி வண்டிக்குப் புதிதல்ல. 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1955ல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. புல்லட்டுகள் திருவொற்றியூரில் உருவாயின. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே இல்லாமல் போன பிறகும் திருவொற்றியூரில் ஷிஃப்ட் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மேற்கே மணலியில் 1965ல் உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969ல் எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கியது. ஆக லாரி, பைக், அவை குடிக்கும் எண்ணெய் மூன்றும் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் தயாராயின. மூன்றின் புகையும் அதே தூரத்துக்குள்தான்.

கம்பெனிகளைச் சுற்றி மெக்கானிக்குகளின் ஒரு தலைமுறை வளர்ந்தது. அவர்களுக்குக் கருவி உடம்புதான். புல்லட்டின் டேப்பட் சத்தத்தைக் காதில் அளப்பார்கள். பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பார்ப்பார்கள். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. சைலன்சர் வாயில் கை வைத்து, அந்தக் கையை மோந்து பார்ப்பார்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் கார்புரேட்டரைக் கால் திருகு திருப்புவார்கள். யோசித்துப் பார்த்தால் ஆக்சிஜன் சென்சார் செய்வதும் இதையேதான். மெக்கானிக் மாதத்துக்கு ஒரு தடவை மோந்ததை அது நொடிக்கு நொடி மோக்கிறது. 2009ல் கிளாசிக் 500 ஃப்யூயல் இஞ்செக்‌ஷனோடு வந்தபோது என்ஃபீல்டின் புகைக்குழாயிலும் அந்த மூக்கு ஏறியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு கார்புரேட்டர் வைத்த புதிய புல்லட்டே கிடையாது.

*

இப்போது ஒரு வண்டியைக் காட்டுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். 2007 மாடல், பெட்ரோலில் ஓடும் குட்டி லோடு வண்டி. என் பள்ளித் தோழனுடையது. விடிகாலையில் காசிமேட்டில் மீன் ஏற்றி வடசென்னை மார்க்கெட்டுகளுக்குப் போடுவான். சில மாதமாக மைலேஜ் படுத்துவிட்டது. ராயபுரத்தில் அவன் வழக்கமாக விடும் பட்டறைக்கு ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். மெக்கானிக் பாய்க்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சின்ன வயதில் புல்லட் பட்டறையில் தொழில் படித்தவர்.

ஸ்கேனரை மாட்டினார். சென்சாரின் வோல்ட் 0.1லேயே அசையாமல் நின்றது. காற்று அதிகம், பெட்ரோல் போதாது என்று அர்த்தம். பாய் ஸ்கேனரை நம்பவில்லை. பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரி அப்பியிருந்தது.

“மெஷின் பெட்ரோல் பத்தலைங்குது, பிளக்கு ஜாஸ்திங்குது. யாரு பொய் சொல்றா? மூக்கு செத்துப்போச்சு தம்பி. எப்பவும் பசிக்குது பசிக்குதுன்னே சொல்லினு கீது. அதை நம்பி கம்ப்யூட்டர் ஊத்தினே கீது.”

“கனெக்டரைப் புடுங்கி வுட்டா என்ன பாய்?” என்றான் தோழன்.

“ஓடும். குத்துமதிப்பா ஓடும். உன் பெட்ரோலு, உன் இஷ்டம்.”

மாற்றுவது என்று முடிவானது. புதிய சென்சாரை மாட்ட இருபது நிமிடம் போதும். பழையதைக் கழற்ற ஒன்றரை நாள் ஆனது. அந்த வண்டியில் எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில். சென்சார் இருந்தது எஞ்சினுக்கும் சேஸிஸ் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில், வெப்பத் தகட்டுக்குப் பின்னால். இரண்டு விரல் போகும், கை போகாது. பல வருடக் கடல்காற்றும் மேலிருந்து சொட்டிய மீன் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து மரையைத் துருவால் பற்றவைத்த மாதிரி ஆக்கியிருந்தன.

இப்படி ஒரு இடத்தில் ஏன் வைக்க வேண்டும் என்று யாருக்கும் கோபம் வரும். பதில் நெர்ன்ஸ்டின் விளக்கிலேயே இருக்கிறது. சூடானால்தான் அந்தப் பீங்கான் பேசும். ஆரம்பகாலச் சென்சார்களுக்குத் தனிச் சூடேற்றி கிடையாது. புகையின் சூட்டிலேயே அவை காய வேண்டும், அதனால் எஞ்சினை ஒட்டியே வைத்தார்கள். 1980களில் உள்ளேயே சூடேற்றி வைத்த சென்சார்கள் வந்தன, கொஞ்சம் தள்ளி வைக்கும் சுதந்திரம் கிடைத்தது. ஆனாலும் ரொம்பத் தள்ள முடியாது. புகை அங்கே வந்து சேரும் நேரத்துக்குள் எஞ்சின் அடுத்தடுத்த தவறுகளைச் செய்துவிடும். உண்மையைச் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நெருப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே கை எட்டாது.

பாய் சனிக்கிழமை சாயங்காலம் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுப் போனார். ஞாயிறு காலை இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, குழாய் வெதுவெதுப்பானதும் படுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். வெப்பத் தகட்டின் போல்ட் ஒன்று முறிந்தது. ஒரு பழைய 22 பாக்ஸ் ஸ்பேனரின் பக்கவாட்டில் கிரைண்டரால் நீளமாக ஒரு வெட்டுப் போட்டு வைத்திருந்தார், ஒயர் அதன் வழியாக நுழைவதற்கு. ஒரேயடியாகத் திருப்பவில்லை. கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, திரும்பத் தளர்த்தி. வேகம் காட்டினால் குழாயின் மரையும் சேர்ந்து வந்துவிடும், பிறகு லேத் பட்டறைக்குப் போக வேண்டும். கடைசியில் கிறீச்சென்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

குழாயின் மரையை டேப் விட்டுச் சுத்தம் செய்தார். புதிய சென்சாரின் மரைக்கு மட்டும் பிடித்துக்கொள்ளாமல் இருக்கும் பசையைத் தடவினார். “நுனியில பட்டுச்சுன்னா மூக்கடைச்சுக்கும்.” ஒயரை வெட்டி ஒட்டுப்போடவும் விடவில்லை. பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் இழுக்கின்றன. அந்த விவரம் புத்தகத்தில் படித்து எனக்குத் தெரியும். அவருக்கு, ஒட்டுப்போட்ட சென்சார்கள் திரும்பி வந்ததைப் பார்த்துப் பார்த்துத் தெரியும்.

ஸ்கேனரில் எண்கள் ஆடத் தொடங்கின. 0.2, 0.8, 0.3, 0.7.

*

தோழன் சென்சாரை மாற்றியது ஊர்க்காற்றை நினைத்து அல்ல, மைலேஜுக்காக. அதில் தப்பே இல்லை. அந்த வடிவமைப்பின் கெட்டிக்காரத்தனமே அங்கேதான் இருக்கிறது. மூக்கு செத்தால் உரிமையாளரின் பாக்கெட் கடிக்கும். ஊருக்கு நல்லதும் அவனுக்கு நல்லதும் ஒரே மரையில் திருகப்பட்டிருக்கின்றன.

புதிய கார்களில் இன்னொரு சென்சார் உண்டு, கன்வெர்ட்டருக்குப் பின்னால். கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிப்பது அதன் முக்கிய வேலை. இந்தக் கண்காணிப்பு அமெரிக்காவில் 1996 மாடல்களில் கட்டாயமானது. இந்தியாவில் 2010க்குப் பிறகு படிப்படியாக வந்தது. இது செத்தால் பெரும்பாலும் மைலேஜ் குறையாது, இழுவை குறையாது. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். உரிமையாளருக்கு இதனால் நேரடியாக ஒரு பைசா லாபம் கிடையாது. ஆகவே இதைத்தான் ஏமாற்றுகிறார்கள். குழாய்க்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு நீட்டுத் துண்டைத் திருகிப் புகை சரியாகப் படாமல் செய்வார்கள், அல்லது மென்பொருளில் அந்த விளக்கையே அணைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் பிளாட்டினத்துக்காகக் கன்வெர்ட்டரை வாங்கிக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. “இதைக் கேட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி,” என்றார் பாய்.

சின்னப் பட்டறைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இதே வேலையை உலகின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று என் தொழிலைக் கொண்டு செய்தது. வோக்ஸ்வாகன் டீசல் கார்களின் மென்பொருள், ஸ்டீயரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் கவனித்து, இப்போது சோதனை நடக்கிறது என்று கண்டுபிடிக்கும். சோதனையில் ஒழுங்காக இருக்கும். ரோட்டுக்கு வந்ததும் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கும். வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு காரின் பின்னால் கருவியைக் கட்டிக்கொண்டு ரோட்டிலேயே ஓட்டி அளந்தது. அரவிந்த் திருவேங்கடம் என்ற ஆய்வாளரும் அந்தக் குழுவில் இருந்தார். 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு குற்றச்சாட்டை வெளியிட்டது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. சென்சார்கள் பழுதாகவில்லை. அளவுகள் சரியாகவே வந்தன. அவற்றுக்கு எப்போது கட்டுப்படுவது, எப்போது கண்டுகொள்ளாமல் விடுவது என்று யாரோ என்னைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தார்.

*

அளப்பது வேறு, அளந்ததற்குக் கட்டுப்படுவது வேறு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வடசென்னையில் அளவுக்குப் பஞ்சம் இல்லை. கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி ஆகிய இடங்களில் காற்றுத் தர நிலையங்கள் நீண்ட காலமாக இருக்கின்றன. 2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமாக மாசடைந்த 43 தொழில் பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017ல் மூடப்படுவதற்குள் வேறு அனல்மின் நிலையங்கள் அதே வட்டாரத்தில் வந்துவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த அளவுகள் எங்கே போகின்றன? அறிக்கைக்குப் போகின்றன, இணையதளத்துக்குப் போகின்றன, தீர்ப்பாயத்தின் கோப்புக்குப் போகின்றன. அங்கிருந்து திரும்பி வந்து அடுத்த நொடி எந்த வால்வையும் திருகுவதில்லை. என் தொழிலில் இதை ஓப்பன் லூப் என்போம். பாய் ‘குத்துமதிப்பா ஓடும்’ என்றாரே, அதுதான். எங்கள் ஊர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மூக்கு இருக்கிறது, அது சொல்லவும் செய்கிறது, கனெக்டர் மாட்டப்படவில்லை. காற்று கெட்டால் யாருடைய பாக்கெட்டும் அன்றைக்கே கடிப்பதில்லை. மாட்ட வேண்டும் என்ற அவசரம் மூச்சு விடுகிறவர்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

சென்சாரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது புகையை ஒப்பிட்டுப் பார்ப்பது வெளிக்காற்றோடு. வெளியே இருப்பது நல்ல காற்று என்பது அதன் அடிப்படை நம்பிக்கை, அதைச் சோதிக்க அதற்குத் தெரியாது. ஆக்சிஜன் ஒன்றை மட்டும் அறியும் பீங்கான் அது. வெளிக்காற்றில் வேறென்ன கலந்திருக்கிறது என்பது அதன் கணக்கில் கிடையாது. ஸ்டட்கார்ட்டில் செய்தாலும் அப்படித்தான், எண்ணூர் சாலையில் ஓடினாலும் அப்படித்தான். வெளிக்காற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அது நம்மிடம் விட்டிருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களும் முடியாது என்ற பதிலைக் கேட்டவர்கள்தான். ஒரு சட்டம், ஒரு கெடு, கெடுவுக்குக் கட்டுப்பட வைக்கும் ஒரு பயம். அவை வந்த பிறகுதான் விளக்கோடு மறக்கப்பட்ட பீங்கானுக்கு வேலை கிடைத்தது. கருவி அதற்கு முன்பே உலகத்தில் இருந்தது. கனெக்டரை யார் மாட்டுவது என்பதுதான் அங்கேயும் கேள்வியாக இருந்தது. அந்த இடமும் சுலபத்தில் கை எட்டாத இடம். கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, திரும்பத் தளர்த்த வேண்டியிருக்கும்.